அழகையா வம்சத்தில் ஒரு மயில்

உலகெங்கும் பரவி வாழும் அழகையா வம்சத்தாருக்கும், அவ்வம்சத்தில் பிறக்கும் பாக்கியம் கிட்டாத ஏனைய மனித குலத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: வரும் ஆவணி வளர்பிறை முகூர்த்தத்தில், கோத்தகிரி மார்க்கெட் ரோடு ஜெகன் ஹார்டுவேர்ஸ் உரிமையாளர் ஜெகதீசன் அவர்களின் ஏக புத்திரி ரேணுகாவின் திருமணம் நடைபெறும் அதே மேடையில், மேற்படி வம்சத்தின் ஏழு தலைமுறை மரம் திறந்து வைக்கப்படும். எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத பழங்காலத்தில் தஞ்சைச் சீமையில் வாளேந்திய ஒரு தளபதியில் தொடங்கி, கோத்தகிரியில் வாளி, வாஷர், வாட்டர் டேங்க் விற்கும் ஒருவர் வரை அறுபடாமல் ஓடி வந்த ரத்தத்தின் வரலாறு அது. அனைவரும் வருக.

அறிவிப்பை எழுதியவர் ஜெகதீசன். வாட்ஸப்பில் அனுப்பியவரும் அவரே. வந்து சேர்ந்ததும் முதல் கைதட்டல் போட்டவரும், மனைவி வனிதாவின் போனிலிருந்து, அவரே.

வம்சம் என்றால் ஆட்கள் இருக்க வேண்டும். ஜெகதீசனுக்கு அந்த ஒரு குறைதான். அவருடைய அப்பா அழகையா, இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்த காலத்தில், சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து நீலகிரியில் இறக்கிவிடப்பட்டவர். மகன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் செத்துப் போனார். அம்மாவும் அதே வழியில் போனாள். அழகையா விட்டுச் சென்ற சொத்து இரண்டு. குலதெய்வம் முனியாண்டி என்ற தகவல் ஒன்று. வீட்டில் சேவல் வளர்க்கக் கூடாது, முனி நடமாடும் நேரத்தில் அது கூவித் தொலைக்கும் என்ற தடை இன்னொன்று. வனிதாவும் தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே வாரிக் கொடுத்துவிட்டு விடுதியில் வளர்ந்தவள். ஆக, அந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் இரண்டே பேர் கூடி, இரண்டே பேர் கலைவார்கள்.

இதில் ஜெகதீசனுக்கு வருத்தமே இருந்ததில்லை. சொந்தம் இல்லாத மனிதனிடம் கடன் கேட்டு யாரும் வருவதில்லை. ரேணுகாவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா வேலன் காபியை ஆற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். அங்கேதான் எல்லாம் பிடித்துக்கொண்டது.

"ஏனுங்க, உங்க பங்காளி வகையறா எத்தன ஊடுங்க?"

வேலன் குன்னூரில் மளிகை மொத்த வியாபாரி. கீழே காரமடைப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் ஊரில் ஒரு கிடா வெட்டென்றால் பஸ் பிடித்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். சர்க்கரை போதுமா என்று கேட்பது போலத்தான் அவர் கேட்டார். ஜெகதீசனுக்கோ நெஞ்சுக்குள் ஒரு தகர ஷீட்டு சரிந்தது. 'சிலோன்காரன், அட்ரஸ் இல்லாதவன்' என்று கடைவீதியில் முப்பது வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாதது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அவர் காதில் விழுந்தது.

"நெறைய இருக்காங்க சம்பந்தி. சிதறிக் கெடக்காங்க. தொகுத்துட்டு இருக்கேன்" என்றார்.

தொகுக்கிறேன் என்று சொல்லிவிட்டால் தொகுத்துத்தானே ஆக வேண்டும்? மறுநாளிலிருந்து ஜெகதீசன் ஆய்வாளர் ஆனார். ஆய்வாளர் என்பதற்கு அடையாளமாக ஒரு கைப்பையும், கழுத்தில் ஒரு மப்ளரும், 'வரலாறு என்ன சொல்கிறது என்றால்' என்று தொடங்கும் பழக்கமும் வந்து சேர்ந்தன. மேல் ஐந்து தலைமுறையைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. செத்தவர்கள் யாரும் மறுப்புத் தெரிவிக்கவில்லை. தளபதிக்குப் படம் வேண்டும் என்றபோது, பிளக்ஸ் கடை ஆண்ட்ரூ ஜெகதீசனின் ஆதார் போட்டோவையே எடுத்து மீசை நட்டு, தலைப்பாகை கட்டிவிட்டான்.

"ஜாடை அப்படியே இருக்குதுங்க சார்" என்றான் ஆண்ட்ரூ.

"ரத்தம்ப்பா" என்றார் ஜெகதீசன், உண்மையிலேயே நெகிழ்ந்து போய்.

உயிரோடு இருக்கும் கிளைகளில்தான் சிக்கல். கூடலூர் வரை போய் விசாரித்தார். அங்கே ஒருவர் வம்சத்தில் சேரச் சம்மதித்தார். ஆனால் வீட்டில் இருபது சேவல் வைத்திருந்தார். கடைசியில் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில், கூரைத் தகரத்துக்கு ஆணி எடுத்துப் போகும் ஒருவன் சொன்ன துப்பில், செல்லக்கண்ணு அகப்பட்டார்.

எழுபதைத் தொட்ட ஆள். வரிசை வீட்டின் கடைசி அறை. மனைவி காத்தாயி போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை இல்லை. குலதெய்வம் முனியாண்டி. சேவல் இல்லை. ஜெகதீசன் கைப்பையைத் திறந்து, 'வரலாறு என்ன சொல்கிறது என்றால்' என்று தொடங்குவதற்குள் கிழவர் எழுந்து வந்து முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அழகையா சித்தப்பா மகனா நீ? இடது காது பாதி இருக்காதே, அவரு மகனா?"

ஜெகதீசன் கைப்பையை மூடினார். அப்பாவின் பாதிக் காது அவர் யாருக்கும் சொல்லாத சங்கதி. தளபதி வம்சத்துக்கு அது பொருந்தி வரவில்லை என்று மரத்தில்கூடச் சேர்க்காமல் விட்டிருந்தார்.

"எங்கப்பனும் உங்கப்பனும் ஒரு வயித்துல பொறந்தவங்க தம்பி. கப்பல் லிஸ்ட்டுல அவருக்குப் பேரு முந்தி வந்துச்சு, எங்களுக்குப் பிந்தி. கப்பல்லேருந்து மண்டபம் காம்புல வந்து எறங்கி விசாரிச்சோம். நீலகிரிக்கு அனுப்பியாச்சுன்னாங்க. நாங்களும் கேட்டு வாங்கி நீலகிரிக்கே வந்தோம்." கிழவர் கதவுக்கு வெளியே கை காட்டினார். "வந்து பார்த்தா நீலகிரி இம்புட்டுப் பெருசு."

"கோத்தகிரிக்கு வந்ததே இல்லியாண்ணே?"

"சந்தைக்கு வருவேனே. உன் கடையிலதான் ஆணி வாங்கிட்டு வந்து இந்தக் கதவ அடிச்சேன். சில்லறை இல்லன்னா எடுக்காதேன்னு அதட்டுவே."

பக்கத்து அறை மரகதம், கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவருக்குத் தினம் தேத்தண்ணி கொடுப்பவள் அவள்தான். "அட, கெழவனுக்கும் ஒரு ஆளு வந்துருச்சே" என்றாள். லைனே திரண்டுவிட்டது. கூட்டத்தைக் கண்டால் ஜெகதீசனுக்குக் குரல் தானாக உயரும்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்? கேளுங்க. இத்தனை பேர் முன்னாடி கேளுங்க."

கம்பளி கேட்பார், மருந்து கேட்பார் என்று நினைத்திருந்தார். கிழவர் சற்று யோசித்தார்.

"ஒண்ணுதான் தம்பி. நான் செத்தா நீ கொள்ளி வெக்கணும். இங்க புள்ள இல்லாதவனுக்கு யாரு வெக்கிறதுன்னு தெரியாம, புதைச்சுட்டுப் போயிடுறாங்க. காத்தாயிய அந்த ஓடைக்கரையில நான் எரிச்சேன். என்னைப் பொதைக்க வேணாம்னு சொல்லு. வந்த நாள்லேருந்து இந்த மலையில குளிர்லயே கெடந்தாச்சு. மண்ணுக்குள்ள இன்னும் குளிரும். போறப்பவாவது கொஞ்சம் சூடா போயிடுறேன்."

லைன்காரர்கள் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார். ஜெகதீசன் சிரிக்கவில்லை, அவர் கண்ணில் நீர் வந்திருந்தது, அது நிஜமான நீர்தான். கிழவரின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"அழகையா மகன் வாக்கு. குடம் உடைக்கறதும் நான்தான், கொள்ளி வெக்கறதும் நான்தான்."

மரகதம் அதைப் போனில் படம் பிடித்தாள். 'உடன்பிறவா அண்ணனுடன்' என்ற தலைப்போடு அந்தப் படம் அன்றைக்கே வேலன் வரை போனது.

அதற்குப் பிறகு செல்லக்கண்ணுவைக் கல்யாணத்துக்குத் தயார் செய்யும் பணி நடந்தது. கோத்தகிரிக்கு அழைத்து வந்து வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுத்தார்கள். மரத்தில் ஜெகதீசனுக்கு இடப்பக்கம் அவருக்கு ஒரு கட்டம். 'வம்சத்தின் மூத்தவர்' என்று பொன்னிற எழுத்து.

"அண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன தொழில்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"கவ்வாத்து. செடி வெட்டுனேன்."

"வெட்டுனேன்னு சொல்லக் கூடாது. தேயிலைத் துறையில ஐம்பது ஆண்டு அனுபவம்னு சொல்லணும்."

"சரி. கத்தி கையில இருந்துச்சுன்னு சொல்லலாமா?"

வனிதா அடுப்படியில் சிரித்தாள். ரேணுகா அவருக்கு இன்னொரு தோசை போட்டு, "பெரியப்பா, நீங்க எதையும் மாத்தாதீங்க" என்றாள். அந்த வீட்டில் 'பெரியப்பா' என்ற சொல் புழங்கியது அதுவே முதல் தடவை. செல்லக்கண்ணு தோசையைத் தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருமல் மட்டும் விடவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், வாசலில் முகூர்த்தக்கால் நட்டு மஞ்சள் காயாத காலையில், மரகதம் போன் செய்தாள்.

"ஐயா, உங்க அண்ணன் போயிட்டாருங்க. தேத்தண்ணி கொண்டு போனேன், எந்திரிக்கல. நீங்க வந்தீங்கன்னா எடுத்துரலாம்."

ஜெகதீசன் அப்படியே உட்கார்ந்தார். முதலில் துக்கம்தான் வந்தது. அதை மறுக்க முடியாது. துக்கத்தின் பின்னாலேயே, கதவைத் திறந்ததும் நுழையும் பூனை மாதிரி, இன்னொன்று நுழைந்தது. பங்காளி செத்தால் தீட்டு. தீட்டில் கல்யாணம் கிடையாது. இது எங்கே எப்போது கேள்விப்பட்டது? கடையில் யாரோ யாரிடமோ சொன்னது. பஸ்ஸில் காதில் விழுந்தது. பதினாறு நாள் என்றார்களே? கோயிலுக்குப் போகக் கூடாது, கோலம் போடக் கூடாது என்றார்களே?

"யாரையாவது கேளுங்க. வேலன் அண்ணனையே கேளுங்களேன், அவங்க கூட்டத்துல பாத்திருப்பாங்க" என்றாள் வனிதா.

"பங்காளி முறை என்னன்னு நான் போய் அவர்கிட்ட கேக்கறதா? ஏழு தலைமுறை ஆய்வு பண்ணவன்?"

"தேடிக் கொண்டாந்தது நீங்கதானே. சும்மா இருந்த மனுசன். நாம கண்டுபிடிக்கலேன்னா இன்னைக்கு யாரோ ஒரு கெழவர் செத்தாரு, அவ்வளவுதான்."

வனிதா இதைச் சாபமாகத்தான் சொன்னாள். ஜெகதீசனுக்கோ அது ஆலோசனையாகக் கேட்டது.

பத்து மணிவாக்கில் வேலனே கூப்பிட்டார். "கேள்விப்பட்டனுங்க சம்பந்தி. உங்க பங்காளி ஒருத்தரு தவறிட்டாராமா? அதான்..."

அவரை முடிக்க விட்டால்தானே?

"பங்காளி இல்லீங்க" என்றார் ஜெகதீசன்.

"அப்படீங்களா? படத்துல அண்ணன்னு..."

"அது ஆரம்பக்கட்ட முடிவுங்க. வரலாறு என்ன சொல்லுதுன்னா, மேற்கொண்டு ஆய்வுல அவர் வேற வகையறான்னு தெரிய வந்திருக்கு. எங்களுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் கெடையாது. ஒரு நல்ல மனுசர், தெரிஞ்சவர். அவ்வளவுதாங்க."

"சரீங்க" என்றார் வேலன். "அப்ப சரீங்க."

தப்பித்தோம் என்று ஜெகதீசன் மூச்சு விட்டார். ரேணுகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "பெரியப்பாவப் பாக்கப் போகலியாப்பா?" என்றாள். அவர் கைப்பையைத் துழாவத் தொடங்கியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழ் கோத்தகிரியிலிருந்து போன் வந்தபடி இருந்தது. மதியத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் ஜெகதீசன் ஜீப் பிடித்துப் போனார். கொள்ளி வைக்கப் போகவில்லை. அந்தப் போட்டோவை மரகதத்தின் போனிலிருந்து அழிக்கச் சொல்லத்தான் போனார்.

மழை விட்டு விட்டுத் தூறியது. லைனுக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டி, கீழே பெஞ்சில் செல்லக்கண்ணுவைக் கிடத்தியிருந்தார்கள். தைத்து வந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்ததால் அவர் யாரோ ஒரு பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் போல இருந்தார். அரை நாள் லீவு எடுத்த ஆட்கள் ஓரமாக நின்றார்கள். ஓடைக்கரையில் விறகு அடுக்கி அதன் மேலும் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. ஜெகதீசனைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டு விலகினார்கள். ஒருவன் மண்குடத்தைக்கூட எடுத்து வந்தான்.

ஜெகதீசன் ரோட்டிலேயே நின்றார். தீட்டு எத்தனை அடி தூரத்தில் ஒட்டும் என்று அவருக்குத் தெரியாது.

"உள்ள வாங்கய்யா. உங்களுக்காகத்தான் காத்துட்டு இருக்கோம்" என்றாள் மரகதம்.

"அம்மா, ஒரு விஷயம் தெளிவுபடுத்தணும்." கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வம்ச ஆய்வுங்கறது ஒரு தொடர் நடவடிக்கை. முதல்ல ஒரு முடிவு வரும். பின்னால அது திருத்தப்படும். உலகம் பூராவும் அப்படித்தான். முனியாண்டி பல பேருக்குக் குலதெய்வம். சேவல் வளர்க்காதவங்களும் பல பேர் இருக்காங்க. அந்த அடிப்படையில..."

தார்ப்பாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. எல்லாரும் வகுப்பில் பாடம் கேட்பது போல நின்றார்கள்.

"அந்த அடிப்படையில, அவரு எனக்குப் பங்காளி இல்ல."

"பாதிக் காது?" என்றாள் மரகதம்.

"அது... தனியா ஆராய வேண்டிய விஷயம்."

"தலையில கை வெச்சு சத்தியம் பண்ணீங்களே."

"அன்னைக்கு இருந்த தரவு அப்படி."

மரகதம் சேலைத் தலைப்பால் முகத்து மழையைத் துடைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. விலாசம் விசாரிப்பவள் போலத்தான் கேட்டாள். "அண்ணன் இல்ல. பங்காளி இல்ல. அப்ப நீங்க யாருங்கய்யா?"

ஜெகதீசன் யோசித்தார். "ஆய்வாளர்" என்றார்.

குடத்தை எடுத்து வந்தவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான். பின்னாலிருந்து யாரோ, "ஆய்வாளர் ஐயாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா, எடுத்து முடிக்கிற வரைக்கும் ஆராயட்டும்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. போட்டோவைப் பற்றிக் கேட்காமலே ஜெகதீசன் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வளைவு திரும்பும்போது பார்த்தார்: அவர்கள் எல்லாரும் இன்னும் அப்படியே, யாராவது வருவார்கள் என்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நேராக ஆண்ட்ரூ கடைக்குப் போனார். மரத்தில் இடப்பக்கக் கட்டத்தைக் காட்டி, எடு என்றார்.

"பிரிண்ட் போட்டாச்சுங்க சார். இருபதடி. இனிமே எடுக்க முடியாது. மேல ஏதாச்சும் ஒட்டலாம். கும்பம் ஒட்டட்டுமா, மயில் ஒட்டட்டுமா?"

"எது மறைக்கும்?"

"மயில்தாங்க சார். தோகை இருக்குல்ல."

கல்யாணம் நன்றாக நடந்தது. குன்னூரிலிருந்தும் காரமடையிலிருந்தும் வேலனின் பங்காளிகள் வந்து மண்டபத்தை நிறைத்தார்கள். ஏழு தலைமுறை மரம் நாதஸ்வரம் முழங்கத் திறந்து வைக்கப்பட்டது. மேலே தளபதி, ஜெகதீசனின் மூக்கோடு, முறைத்தார். கீழே ஜெகதீசனுக்குப் பக்கத்தில் ஒரு மயில் இருந்தது. யாரும் அது என்ன உறவு என்று கேட்கவில்லை. ரேணுகா மட்டும் தாலி ஏறும் வரை அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

பந்தியில் வேலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரசம் சாதம் வரை பொதுவாகப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சம்பந்தி, அன்னைக்கு நான் போன் பண்ணுனது, எழவுக்கு எத்தன மணிக்கு வரட்டும்னு கேக்கறதுக்குத்தானுங்க. காரெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன். மாலையும் வாங்கியாச்சு. நீங்க என்னமோ பங்காளியே இல்லீன்னுட்டீங்க."

"இல்லீங்க... தீட்டு... கல்யாணத்த வெச்சுக்கிட்டு..."

"தீட்டுங்களா?" வேலனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "முகூர்த்தக்கால் நட்டாச்சுன்னா அப்புறம் பங்காளித் தீட்டு அந்தக் கல்யாணத்துல ஒட்டாதுங்களே. எங்க பெரியப்பன் மகன் கல்யாணத்துல, மொத நாள் கொள்ளி வெச்சவரு தல முழுகிட்டு வந்து மறுநாள் தாலி எடுத்துக் கொடுத்தாருங்க. பங்காளிக இருக்கற ஊட்டுல இதெல்லாம் சகஜந்தானுங்க."

பாயசம் வந்தது. வேலன் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

கொள்ளி வைக்க உறவுக்காரர் எவரும் இல்லாததால், செல்லக்கண்ணுவை அவர் இறந்த அன்று சாயங்காலமே புதைத்துவிட்டிருந்தார்கள்.